மாத்திரை ஏன் கேக்கவில்லை

பாளையங்கோட்டை

அன்பு மகளுக்கு,

போன வருசம் நீர்க்கடுப்புக்குக் கேட்ட சிப்ரோபிளாக்சசின் ஆன்டிபயாடிக் மாத்திரை இந்தத் தடவை கேக்க மாட்டேங்கு, உடம்பு மருந்துக்குப் பழகிட்டு என்று போனில் சொன்னாய். எம்மா, உன் உடம்பு எதற்கும் பழகவில்லை. மாறினது கிருமி.

நம்ம ஊர் வயலை நினைத்துக்கொள். களை பறிக்கும்போது, பார்வைக்கு நெல்லைப் போலவே இருக்கிற புல் தப்பிவிடும். கார் பருவத்தில் தப்பினது விதை உதிர்க்கும். அடுத்த பிசானப் பருவத்தில் வயல் முழுக்க அதுதான் நிற்கும்.

நீர்ப்பாதைக்கு ஏறிவருவது பெரும்பாலும் குடலில் இருக்கிற ஈகோலை என்ற பாக்டீரியா. வசதியான இடத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு தரம் இரண்டாகும். ஒன்றே ஒன்று 7 மணி நேரத்தில் 20 லட்சத்தைத் தாண்டும். அத்தனை தரம் டிஎன்ஏவைப் படியெடுக்கையில் எங்காவது பிழை விழும். சிப்ரோபிளாக்சசின் போய்ப் பிடிக்கிறது கிருமியின் கைரேஸ் என்ற நொதியை; பிழை அங்கே விழுந்தால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. மற்றதெல்லாம் சாக, அது மட்டும் தப்பிப் பெருகும். அமாக்சிசிலின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கின் கதை வேறு. கிருமி பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியைச் சுரந்து, மருந்தின் வளையத்தையே அறுத்துவிடும். கடையில் 625 என்று கேட்டு வாங்குகிறார்களே, அதில் 500 மில்லிகிராம் அமாக்சிசிலின்; மீதி 125 கிளாவுலானிக் அமிலம், அந்த நொதியின் வாயை அடைக்க. எனக்குப் பெரிய கவலை பிளாஸ்மிட்தான். மருந்தை எதிர்க்கிற சக்தி எழுதியிருக்கிற அந்தச் சின்ன டிஎன்ஏ வளையத்தை ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்குக் கொடுத்துவிடும், வேறு இனமாக இருந்தாலும். வைரஸால் வருகிற சளிக்கு நீ அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை விழுங்கினாலும் குடலுக்குள் இந்தக் களையெடுப்பு நடக்கும்.

இப்போது யூரின் கல்ச்சர் கொடு, சிறுநீரில் இருக்கிற கிருமியை வளர்த்து எந்த மருந்து கேக்கும் என்று பார்க்கிற சோதனை அது. புது மாத்திரையின் முதல் வேளைக்கு முன்னாலேயே கொடுக்கணும். விழுங்கினபிறகு என்றால் கிருமி இருந்தும் வளராமல் போகலாம். ஏற்கெனவே சாப்பிட்டதை லேபில் சொல்லிவிடு. தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடி. டப்பாவின் உட்புறம் விரல் படக்கூடாது. 2 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடு, முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வை. வெக்கையில் கிடந்தால் தோலிலிருந்து விழுந்த நாலு கிருமியும் பெருகி ரிப்போர்ட்டைக் குழப்பும். இரண்டு மூன்று நாளில் வரும் தாளில், மருந்துக்கு நேரே எஸ் என்றிருந்தால் கேக்கும், ஆர் என்றால் கேக்காது. அதைப் பார்த்து டாக்டர் எழுதுவதை, எழுதின நாள் வரைக்கும் சாப்பிடு. மீந்ததை அடுத்த தடவைக்கு என்று எடுத்துவைக்காதே, கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுக்காதே.

குளிர்காய்ச்சலோ வாந்தியோ விலாப்பக்க முதுகுவலியோ வந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காதே. சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

தாள் கைக்கு வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அம்மா