ஞாயிறு உரையாடல்: பெரிய மூங்கில் லெமூர்

நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு மடகாஸ்கரின் பெரிய மூங்கில் லெமூரைப் பற்றிப் பேசுகிறோம். குரங்குகளுக்கு உறவான இந்த விலங்கு ஒரு காலத்தில் அற்றுப்போய்விட்டது என்றே கருதப்பட்டது. 1986இல் அமெரிக்க விலங்கியலாளர் பாட்ரிசியா ரைட் இதைத் தேடி ரனோமஃபனா காட்டுக்குப் போனார். இதையும் கண்டார், அறிவியல் அதுவரை அறியாத பொன்னிற மூங்கில் லெமூரையும் கண்டார். 1991இல் அந்தக் காடு தேசியப் பூங்காவானது.

இதைக் கணக்கெடுக்கும் முறைதான் என்னை மிகவும் ஈர்த்தது. லெமூர் கண்ணில் படுவது அரிது. அதனால் முதலில் மூங்கிலைப் பார்க்கிறார்கள். தடித்த தண்டைப் பல்லால் நார்நாராகக் கிழித்து, உள்ளிருக்கும் சதையைத் தின்றுவிட்டுப் போயிருக்கும். கிழிசல் பச்சையாக இருந்தால் கூட்டம் அருகில்தான் இருக்கிறது. காய்ந்து பழுப்பாகியிருந்தால் கடந்துபோய் நாளாகிவிட்டது. இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் காட்டோரக் கிராமத்து வழிகாட்டிகளே. அவர்கள் இல்லாமல் எந்தக் கணக்கும் இல்லை. இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

நெல் விதைக்கக் காட்டை வெட்டி எரிப்பதாலும், மூங்கில் வெட்டுவதாலும், வேட்டையாலும் இதன் வாழிடம் துண்டுதுண்டாகிவிட்டது. ஆனால் வயிற்றுப்பாட்டுக்காக எரிக்கும் உழவரை மட்டும் குற்றவாளியாக்கிப் பேச வேண்டாம். மாற்று வருவாய் கிடைத்த ஊர்களைப் பற்றிப் படித்தவர்கள் அதைப் பகிருங்கள்.

ஒரு வேண்டுகோள்: வீட்டில் வளர்க்கும் லெமூர்களின் காணொளிகளைக் குழுவில் போடாதீர்கள். அவற்றைப் பார்ப்பவர்களுக்கு லெமூர் வளர்க்கும் ஆசை வரலாம்; வளர்ப்பதற்காக லெமூர்கள் காட்டிலிருந்து பிடிக்கப்படுகின்றன.

கேள்விகளை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.