செயலாளர் ஆண்டறிக்கை: பாடற்குழுச் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சந்தா, வரவு செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் வரும். ஒத்திகை நேரத்தில் பெரும்பகுதி ஒரே பாட்டுக்குப் போனதால் இங்கே அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அந்தப் பாட்டு, பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் டூரூஃப்ளேயின் ‘ஊபி காரிதாஸ்’ (‘அன்பு எங்கேயோ’ எனத் தொடங்கும் லத்தீன் பாடல்). 1960-இல் வந்த நான்கு மோட்டெட்டுகளில், அதாவது பல குரல்களுக்கான லத்தீன் வழிபாட்டுப் பாடல்களில் (ஓபஸ் 10, அதாவது அவரது படைப்பு வரிசையில் 10), இது முதலாவது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும்போது பாடிவந்த கிரகோரியன் மெட்டை (பழைய ஒற்றைக் குரல் தேவாலய மெட்டை)க் கலைக்காமல் வைத்துக்கொண்டு மற்றக் குரல்களைச் சுற்றி அடுக்கியிருக்கிறார். 1970 கத்தோலிக்கத் திருப்பலி நூலில் அந்தப் பாடல் காணிக்கைப் பவனிக்குப் போனது, தொடக்கமும் ‘காரிதாஸ் எஸ்த் வேரா’ என்றானது. நம் பிரதியில் இருப்பது பழைய பாடமான ‘எத் ஆமோர்’. அச்சுப்பிழை என்று யாரும் பென்சிலால் திருத்த வேண்டாம். 2011-இல் பிரிட்டன் இளவரசர் வில்லியமின் திருமணத்தில் கேட்டது இதுதானா என்று பலர் கேட்டார்கள். அது பால் மீலர் அமைத்தது, வேறு.

இரண்டரை நிமிடப் பாட்டுதான், கருவித் துணை கிடையாது. தொடக்கத்தில் மெட்டு ஆல்ட்டோவிடம் (பெண்களின் கீழ்க்குரல்). அவர்கள் இரண்டாகப் பிரிவதால் பக்கத்துக்கு மூன்று பேராவது வேண்டும். சொப்ரானோ (பெண்களின் மேல்குரல்) அந்தத் தொடக்கப் பகுதி முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பாட்டு கேட்க எளிது.

நம்மைப் படுத்தியது தாளம். பிரதியில் தாளக் கோடு போட்ட இடத்திலெல்லாம் அழுத்தினால் மெட்டு நொண்டும். இங்கே அரைக்கால் சுரம் மாறாமல் ஓட, இரண்டும் மூன்றுமாகக் கொத்துகள் கலந்து வரும். ‘தக’, ‘தகிட’ என்று வாயால் சொல்லிப் பழகியதும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அழுத்தம் சொல்லைப் பார்த்தே விழ வேண்டும்: எக்சுல்‘தே’முஸ், திமே‘ஆ’முஸ், தீலி‘கா’முஸ்.

உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டதும் வினையானது. ‘ஊபி’யில் உள்ள ‘பி’யைச் சிலர் ‘பிள்ளை’யில் வருவது போலப் பாடினார்கள். ‘பீமன்’ என்னும்போது வரும் ஒலி அது. ‘ஆமோர்’ என்பதும் நீட்டும்போது ‘ஆமோரு’ ஆகிவிடுகிறது. ‘ர்’ரைக் கடைசி நொடியில் மட்டும் தொட்டு நிறுத்துங்கள். ‘சின்செரோ’ அல்ல, ‘சின்ச்சேரோ’.

ஈ ஃபிளாட் சுருதியில் தொடங்கி, அதற்கு அரைச்சுரம் கீழுள்ள ‘டி’யில் முடித்த ஒத்திகைகள் உண்டு. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில், மெதுவாகப் பாடுகிறோம் என்று மூச்சையும் தளர்த்துவதால் சுருதி இறங்குகிறது. எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்குவது இன்னொரு காரணம். பக்கத்தில் இருப்பவர் வாங்காத இடத்தில் நீங்கள் வாங்குங்கள். ‘ஆமென்’ முடிந்ததும் கீபோர்டில் சுருதியைச் சரிபார்க்கும் வழக்கம் தொடரட்டும்.

டூரூஃப்ளே இறந்தது 1986. நம் இந்தியச் சட்டப்படி 2046 முடியும்வரை காப்புரிமை உண்டு. ஜெராக்ஸ் கூடாது, ஆளுக்கு ஒரு பிரதி வாங்கியாக வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கு இதே தொகுப்பிலுள்ள ‘தாந்தும் எர்கோ’வைச் செயற்குழு பரிந்துரைக்கிறது. பிரதி வேண்டுவோர் பொருளாளரிடம் பெயர் கொடுக்கவும்.

செயலாளர்