சோபிபோரில் கோடரி எடுத்தவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாஜி வதைமுகாம்கள் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில், யூதர்கள் எதிர்ப்பேதும் காட்டாமல் பலியாடுகளைப் போலச் சென்று மடிந்தார்கள் என்ற வரியைப் படித்தேன். பலரும் எழுதிப் பழகிய வரிதான். ஆனால் போலந்தில் நாஜிகள் நடத்திய சோபிபோர் வதைமுகாமில் 1943 அக்டோபர் 14 அன்று யூதக் கைதிகள் நடத்திய எழுச்சியை அறிந்தவர்கள் அப்படி எழுதத் தயங்குவார்கள்.

சோவியத் செஞ்சேனையின் லெப்டினன்ட் அலெக்சாண்டர் பெச்செர்ஸ்கி 1941 அக்டோபரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். டைஃபஸ் காய்ச்சலில் பிழைத்து, தப்பியோட முயன்று பிடிபட்டு, மருத்துவச் சோதனையில் யூதர் என்று தெரியவந்ததால் மின்ஸ்க் முகாமில் அடைக்கப்பட்டு, 1943 செப்டம்பரில் ஏறத்தாழ 2,000 பேருடன் ரயிலில் சோபிபோருக்குக் கொண்டுவரப்பட்டார். வேலைக்கென்று பிரிக்கப்பட்ட சுமார் 80 பேரில் அவரும் ஒருவர். மற்றவர்கள் நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பப்பட்டனர். வந்திறங்கிய சில மணி நேரத்திலேயே கொல்லப்பட்ட அந்த முதியவர்களும் குழந்தைகளும் எப்போது, எதைக்கொண்டு எதிர்த்திருக்க முடியும்?

முகாமில் லியோன் ஃபெல்ட்ஹெண்ட்லர் தலைமையில் ஏற்கெனவே ஒரு ரகசியக் குழு இருந்தது. அதற்கு இல்லாதிருந்தது போர்ப்பயிற்சி. பெச்செர்ஸ்கி வந்து மூன்றே வாரங்களில் திட்டம் உருவாயிற்று. சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வரும் ஜெர்மானியரின் பழக்கமே அதற்கு அடித்தளம். புதிய மேலங்கி தயார், காலணி தயார் என்று முகாமை நடத்திய நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரிகளை ஒருவர்பின் ஒருவராகப் பட்டறைகளுக்கு வரவழைத்துக் கோடரியால் வெட்டினார்கள். முகாமின் துணைத் தளபதி யோஹான் நீமன் தையற்கூடத்தில் உடையை அளவு பார்க்கும்போது வீழ்ந்தார். முகாமில் அன்றிருந்த சுமார் 600 கைதிகளில் ஏறத்தாழ 300 பேர் வேலியைத் தாண்டினர். பலர் கண்ணிவெடியிலும் பின்னர் நடந்த தேடுதல் வேட்டையிலும் இறக்க, போர் முடிவைக் கண்டவர்கள் சுமார் 50 பேரே. பிறகு ஜெர்மானியர் முகாமை இடித்து, அந்த மண்ணில் மரம் நட்டனர்.

பூக் ஆற்றைக் கடந்து கொரில்லாப் படையில் சேர்ந்து போரிட்ட பெச்செர்ஸ்கியை, எதிரியிடம் சிறைப்பட்டவர் என்பதற்காகவே சொந்த நாடு ஐயத்துடன் நடத்தியது என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். அவர் 1990இல் காலமானார். ரஷ்யா அவருக்கு வீர விருது அளித்தது 2016இல்.

வரும் அக்டோபர் 14 அன்று சோபிபோர் எழுச்சியைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
தஞ்சாவூர்