ஆட்டோபே தள்ளுபடிக்கு வங்கிக் கணக்கு எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் பெரிய மொபைல் நிறுவனங்களில் மாதக் கட்டணத்தை கிரெடிட் கார்டில் ஆட்டோபே செய்தால் (மாதாமாதம் தானாகவே பணம் பிடிக்கும்படி வைத்தால்) தள்ளுபடி குறைகிறது, அல்லது கிடைப்பதே இல்லை. முழுத் தள்ளுபடி வேண்டுமென்றால் பெரும்பாலும் வங்கிக் கணக்கோ, சில நிறுவனங்களில் டெபிட் கார்டோ கொடுக்க வேண்டும். கிரெடிட் கார்டில் பணம் வாங்க அவர்கள் கட்டும் கார்டு கட்டணத்தை மிச்சப்படுத்தப் பார்க்கிறார்கள், சரி. ஆபத்து யார் தலையில்?

கிரெடிட் கார்டில் மோசடி நடந்தால் சட்டப்படி நம் பொறுப்பு அதிகபட்சம் 50 டாலர்தான். வங்கிக் கணக்கில் நடந்தால், கணக்கு அறிக்கை வந்த 60 நாட்களுக்குள் சொல்லாவிட்டால், அதன்பிறகு திருடுபோகும் பணத்தில் நம் பொறுப்புக்கு வரம்பே கிடையாது. உடனே சொன்னாலும், வங்கி விசாரிக்கும்போது சில நாட்களுக்காவது வாடகைப் பணம் முடங்கிக் கிடக்கலாம். எனக்கு இதுதான் பெரிய பயம்.

இது வீண் பயமும் இல்லை. 2021-இல் டி-மொபைல் என்ற மொபைல் நிறுவனத்தில் கோடிக்கணக்கானவர்களின் விவரங்கள் திருடுபோயின. 2024-இல் ஏடி அண்ட் டி நிறுவனமும் தன் வாடிக்கையாளர்களின் தகவல்கள் திருடுபோனதை ஒப்புக்கொண்டது. இப்படிப்பட்ட துறையிடம் வங்கிக் கணக்கு எண்ணை எந்தத் தைரியத்தில் கொடுப்பது?

கார்டு கட்டணம்தான் பிரச்சினை என்றால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, மீதித் தள்ளுபடியை கிரெடிட் கார்டுக்காரர்களுக்கும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்