வசன மனன ஐக்கியம்: ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய போதகர் ஐயா, தலைவர் அண்ணன், செயற்குழுவினர், அங்கத்தினர்கள் அனைவருக்கும் இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். வேத வசனங்களை மனப்பாடம் செய்ய மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கூடிவரும் நம் ஐக்கியத்தின் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

போன ஆண்டுக்கூட்டத்தில் எடுத்த தீர்மானம் உங்களுக்கு நினைவிருக்கும். வாரம் ஒரு வசனம், வருடக் கடைசியில் ஒப்புவிக்கும் போட்டி, பரிசுக் கூடை என்று நடத்தி வந்ததை நிறுத்தினோம். இனி மாதம் 2 வசனம் மட்டும் படிப்பது, படித்தது வீட்டிலும் வேலையிலும் எங்கே கைகொடுத்தது என்று வந்து சொல்வது என்று முடிவு செய்தோம். 52 வசனத்தை 24 ஆகக் குறைத்ததில் பலருக்கு மனத்தாங்கல். "பிள்ளைகளுக்குப் படிக்கிற ஆர்வமே போய்விடும்" என்று ஓர் அண்ணன் அன்றே எழுந்து சொன்னார். அவர் பயந்தது நியாயம்தான். முதல் சில மாதங்கள் கூட்டம் குறைந்தது. போட்டி இல்லை என்றதும் சில பிள்ளைகள் வரவே இல்லை. அதை மறைத்து அறிக்கை எழுத எனக்கு மனமில்லை.

ஆனால் போட்டி நடந்த காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். டிசம்பரில் தட்டுத்தடங்கல் இல்லாமல் எல்லா வசனத்தையும் ஒப்புவித்த பிள்ளையிடம் பிப்ரவரியில் கேட்டால் நாலைந்துதான் மிஞ்சியிருக்கும். ஒரே மூச்சில் படித்தது ஒரே மூச்சில் போய்விடுகிறது. அதனால்தான் அட்டை முறைக்கு வந்தோம். அட்டையின் ஒரு பக்கம் அதிகாரமும் வசன எண்ணும், மறுபக்கம் வசனம். படித்த மறுநாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, பிறகு வாரம் கழித்து, மாதம் கழித்து. மறக்கப் போகிற நேரமாகப் பார்த்துத் திரும்பக் கொண்டுவந்தால்தான் மனதில் நிற்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்து பசியாறும் நேரத்தில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஒப்புவித்துக்கொள்கிறோம். பெரியவர் ஒருவர், சின்னவர் ஒருவர் என்று சோடி சேர்த்தது நல்ல பலன் தந்தது.

இந்த அட்டைகளால் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்ட பிள்ளைகளில் பலர் தமிழ் வசனத்தை மலாய் எழுத்தில், அதாவது ஏ, பி, சி எழுத்தில், எழுதி வைத்துத்தான் படிக்கிறார்கள். வாயில் தமிழ் இருக்கிறது, கண்ணுக்குத் தமிழ் எழுத்து பழக்கம் விட்டுப்போயிற்று. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அப்படி எழுதியாவது படிக்கிறார்களே என்று சந்தோஷம்தான். நம் அக்கா ஒருவர் ஜூன் மாதத்திலிருந்து ஒரு ஏற்பாடு செய்தார். அட்டையில் மலாய் எழுத்துக்கு மேலே அதே வசனத்தைத் தமிழில் தன் கையால் எழுதிக் கொடுப்பார். பிள்ளை அதைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டும். வருடக் கடைசியில் சிலர் கீழ் வரியை அழித்துவிட்டார்கள். 1715-ல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுக் கொடுத்தார் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க். அதை நம் பிள்ளைகள் தங்கள் கண்ணாலேயே படிக்க வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

மார்ச் மாதத்தில் எடுத்த வசனம் நீதிமொழிகள் 11:1. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சுமுத்திரை என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டார்கள். குறையும் இல்லாமல் கூடுதலும் இல்லாமல் சரியாக இருப்பது என்று போதகர் சொல்லி முடித்தார். இரண்டு வாரம் கழித்து, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) காய்கறிக் கடை போடும் அக்கா தன் தராசையே கூட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடையில் வாங்கிய ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை அதன் தட்டில் வைத்தார். முள் ஒரு கிலோவைத் தாண்டிப் போய் நின்றது. எல்லாரும் குனிந்து பார்த்தோம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்ததாம். "இது எனக்குத் தெரியாமலே இத்தனை நாள் நடந்திருக்கிறது. வசனத்தை அட்டையில் எழுதும்போதுதான், நம்ம தராசு எப்படி இருக்கிறது என்று ஒரு யோசனை வந்தது" என்றார். அப்போது அவர் கண் கலங்கியிருந்தது. மறுநாளே புதுத் தராசு வாங்கினார். வாடிக்கையாளர்களிடம் விஷயத்தைச் சொல்லி, கொஞ்ச நாளைக்குப் பிடி கூடுதலாகவே போட்டுக் கொடுத்தார். அந்த ஒரு வசனத்துக்காகவே இந்த வருடம் நடந்தது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

எபேசியர் 4:26-ஐ எடுத்த மாதம் நல்ல ஒரு கேள்வி வந்தது. "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று படித்துவிட்டோம். தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போகும் ஒரு தம்பி எழுந்து, "நான் சாயங்காலம் கிளம்பினால் காலையில்தான் வருகிறேன். கோபத்தோடு கிளம்பினால் அது இரண்டு பேர் மனதிலும் ராத்திரி முழுக்க இருக்குமே" என்றார். பேசிப் பேசி, மோட்டாரை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னாலேயே சமாதானம் ஆகிவிட வேண்டும் என்று முடித்தோம். அவர் மனைவிதான் பிறகு சாட்சி சொன்னார். இப்போதெல்லாம் கிளம்பிப் போனவர் சந்து முனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பேசிவிட்டுப் போகிறாராம்.

இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் பிள்ளைகளுக்காக பிலிப்பியர் 4:13-ஐ எடுத்தபோது போதகர் ஒரு நிபந்தனை போட்டார். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதை மட்டும் தனியே படிக்கக் கூடாது, அதற்கு முந்திய வசனத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்றார். "தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்" என்கிறது அது. சிறையில் கட்டப்பட்டிருந்த பவுல் எழுதிய கடிதம் இது. நினைத்த மதிப்பெண் கிடைக்கும் என்று அவர் வாக்குக் கொடுக்கவில்லை, கிடைக்காவிட்டாலும் நிற்கிற பெலனைச் சொல்கிறார் என்று விளக்கினார். வனாந்தரத்தில் ஆண்டவரைச் சோதித்த சாத்தானும் 91-ம் சங்கீதத்தைத்தான் எடுத்துச் சொன்னான், ஆண்டவர் உபாகமத்திலிருந்து மூன்று தடவை பதில் சொன்னார் என்பதையும் அன்று நினைவூட்டினார். வசனத்தை அதன் இடத்திலிருந்து பிய்த்து எடுக்காமல் படிக்கும் பழக்கம் நமக்கு இன்னும் வர வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

என்னைப் பற்றியும் ஒன்று எழுத வேண்டும். யாக்கோபு 1:19-ஐ எல்லாருக்கும் படித்துக் கொடுத்த அதே மாதம், செயற்குழுவில் ஒருவரைப் பேசவிடாமல் சத்தம் போட்டேன். "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்" என்ற வார்த்தை வீட்டுக்குப் போகும் வழியில்தான் வந்தது. அன்றிரவே அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவரும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் மாதம் நம் மூத்த அங்கத்தினரான பாட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். 121-ம் சங்கீதத்தை அவர் படித்த விதத்தை இரண்டு மூன்று முறை நம்மிடம் சொல்லியிருக்கிறார். அம்மா சொல்லச் சொல்லக் கேட்டு, ஒரு நிரைக்கு, அதாவது ஒரு வரிசை மரத்துக்கு, ஒரு வசனம் என்று வைத்துக்கொள்வாராம். விடியாத இருட்டில் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் உளி போடும்போது அதே வசனம். நிரை முடிந்து திரும்பினால் அடுத்த வசனம். எட்டு நிரை முடிந்தால் சங்கீதமும் முடிந்தது. மழைக்காலத்தில் மேட்டுச் சரிவில் கால் வழுக்கும்போது, "உன் காலைத் தள்ளாடவொட்டார்" என்பதைச் சத்தமாகவே சொல்வாராம். பால் வாளியோடு இறங்குகிறவருக்கு அந்த வசனம் வேறு மாதிரித்தான் கேட்டிருக்கும்.

அவர் வீட்டில் நடந்த துக்க ஆராதனையில் நம் பிள்ளைகள் அந்தச் சங்கீதத்தைச் சொன்னார்கள். ஐந்தாம் வசனத்தில் அழுகை வந்து, சொல்ல முடியாமல் நிறுத்திவிட்டார்கள். கூடத்தின் பின்னால் உட்கார்ந்திருந்த பழைய தோட்டத்துப் பெண்கள் விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்" என்ற கடைசி வசனத்தை எல்லாருமாகச் சொன்னோம். அந்தப் பெண்கள் யார் கையிலும் வேதாகமம் இல்லை.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அட்டை, பேனா, பிள்ளைகளுக்குப் பசியாற வாங்கியது தவிரப் பெரிய செலவு இல்லை. பரிசுக் கூடைக்கு ஒதுக்கிய பணம் அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வது என்று இன்று நீங்கள் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் மேசையைத் துடைத்துக் கோப்பி கலக்கித் தந்த சகோதரிகளுக்கு நன்றி.

வரும் ஆண்டுக்கு 119-ம் சங்கீதம் முழுவதையும் எடுக்கலாம் என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். 176 வசனம். எபிரெய எழுத்து வரிசையில் ஓர் எழுத்துக்கு 8 வசனமாக 22 பகுதி. எபிரெயர்களுக்கு அந்த வரிசையே நினைவுக்குப் பிடிமானம், நம் தமிழில் அது இல்லை. அதனால் "வாலிபன் தன் வழியை எதினால் சுத்தம்பண்ணுவான்?" என்று தொடங்கும் 9 முதல் 16 வரையுள்ள ஒரு பகுதியை மட்டும் முதல் நான்கு மாதங்களுக்கு எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. அப்புறம், தோட்டத்துக் காலத்தில் வசனம் படித்த பெரியவர்களின் வீடுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போய், அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்று கேட்டுக் குரல் பதிவு செய்து வைக்க வேண்டும். யார் யார் வீட்டுக்கு வரலாம் என்று எழுதிக் கொடுக்க வாசல் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இன்றே எழுதிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்