உங்கள் கொல்லை வாய்க்கால், எங்கள் தலைமடை

காவிரிப் பாசன ஊர்களில் கிளினிக், நர்சிங் ஹோம், ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்தும் டாக்டர்களுக்கும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம். அரசு மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது திருவாரூர் மாவட்டத்தின் கடைமடைக் கிராமம் ஒன்றில் கொஞ்சம் நிலத்தோடு இருக்கிறேன். எங்களுக்குத் தண்ணீர் தரும் வாய்க்கால் ஒரு சின்ன டவுனின் முதுகுப்பக்கமாக வருகிறது. அந்தக் கடைத்தெருவின் கிளினிக்குகளுக்கும் லேப்களுக்கும் அது கொல்லைப்புறம். எங்களுக்கு அதுதான் தலைமடை, தண்ணீர் வந்து நுழையும் வாய்.

போன குறுவைக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குதிகாலில் சுருக்கென்று குத்தியது. நத்தை ஓடாக இருக்கும் என்று காலை உதறியிருக்கிறாள். உதறினால் விழவில்லை. ரத்தக் குழாயில் போடும் ஸ்கால்ப் வெயின் ஊசி, நீல நிற இறக்கையோடு. பின்னால் ஒரு சாணுக்கு மேல் சேறு அப்பிய டியூப். அதை அப்படியே ஒரு பூவரச இலையில் வைத்து என்னிடம் கொண்டுவந்தாள். “சிஸ்டரக்கா, இது ஒங்க ஆஸ்பத்திரி சாமானான்னு பாருங்க.” அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். அந்த ‘ஒங்க’ எனக்குத்தான் உறைத்தது.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டிடி ஊசி, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசியின் முதல் டோஸ், ரத்தப் பரிசோதனை. பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று திரும்பத் திரும்ப ரத்தம். எல்லாம் நல்லபடியாக வந்தது. ஆனால் அந்த ஆறு மாதமும் அவள் வீட்டில் நடந்ததை நான் பார்த்தேன். “எச்ஐவி சோதனை எதுக்கு எடுக்கிறாங்க?” என்று அவள் புருஷன் என்னிடம் ஒரு தரம், அவளிடம் எத்தனையோ தரம் கேட்டான். பரிசோதனைக்குப் போன நாள்களின் கூலி போனது தனிக்கதை.

உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நோயுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்புண்டு, எச்ஐவிக்கு 0.3 சதவீதம் என்பது நீங்கள் படித்ததுதான். பி வைரஸ் உடலுக்கு வெளியே ஏழு நாளாவது உயிரோடிருக்கும் என்பதும் தெரியும். டவுனிலிருந்து எங்கள் ஊர் மதகுக்குத் தண்ணீர் வர ஏழு நாள் ஆகாது, டாக்டர்.

2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டியபோது நாம் எல்லாரும் கொதித்தோம். பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, கேரளத்திலிருந்தே லாரி வந்து அள்ளிப் போனது. 2025-ல் தமிழ்நாடு குண்டர் சட்டத்தையே திருத்தி, மருத்துவக் கழிவு கொட்டுவதையும் அதில் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் லாரி கண்ணுக்குத் தெரியும், எல்லையில் செக்போஸ்ட் இருக்கும். ராத்திரி எட்டு மணிக்குக் கடை சாத்துமுன் ஒரு கறுப்பு கேரிபேக்கைக் கொல்லைப்பக்கம் வீசுவதற்கு எந்த செக்போஸ்ட் இருக்கிறது?

வீசும் ஆயாம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். தப்பு அவள் கையில் பை வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஆஸ்பத்திரிக் கழிவில் ஏறத்தாழ 85 சதவீதம் சாதாரணக் குப்பைதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்: அட்டைப்பெட்டி, டீ கப், மருந்துக் காகிதம். ஆபத்தானது மிச்சம் 15 சதவீதம். ஊசியை உருவியவுடன் பக்கத்தில் அதைப் போட வெள்ளை டப்பா இல்லையென்றால் அது கிட்னி டிரே என்னும் வளைந்த தட்டில் கிடக்கும். டிரேயிலிருந்து பஞ்சோடு சேர்ந்து பக்கெட்டுக்குப் போகும். பக்கெட்டில் விழுந்த பிறகு அந்த 15 சதவீதம் நூறாகிவிடும். அதற்கப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. பிரிக்கப் போனால் குத்தும். என் சர்வீஸில் நான் பார்த்த ஊசிக் குத்துகளில் பாதி, ஊசிக்குத் திரும்ப மூடி போடப்போய் வந்தவை. மீதி, குப்பையைக் கூட்டி அள்ளும்போது வந்தவை. நர்ஸுக்குக் குத்தினால் ரிப்போர்ட் எழுதுவோம். ஆயாவுக்குக் குத்தினால் தண்ணீர்க் குழாயில் விரலைக் கழுவிவிட்டு அடுத்த வார்டுக்குப் போவாள்.

1998-லேயே இதற்கு விதி வந்துவிட்டது. 2016 மார்ச்சில் வந்த புதிய விதி இன்னும் தெளிவு. படுக்கையே இல்லாத கிளினிக்குக்கும் லேபுக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். ரத்ததான முகாமும் தடுப்பூசி முகாமும்கூட அந்த விதிக்குள் வரும். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, காலாவதி மருந்து மஞ்சள் பையில். டியூப், கையுறை, யூரின் பேக், ஊசி நீக்கிய சிரிஞ்ச் சிவப்பில். ஊசி, பிளேடு துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். கண்ணாடி நீலத்தில். ரத்தக்கறை படிந்த கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இதெல்லாம் உங்கள் சுவரிலும் சார்ட்டாகத் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். சார்ட்டுக்குக் கீழே இருக்கும் பக்கெட்டைத்தான் நான் கேட்கிறேன்.

“கொல்லையில் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறோம்மா” என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார், நல்ல மனிதர். விதியில் ஆழப் புதைப்பு என்று ஒன்று இருப்பது உண்மை. அது பல ஆஸ்பத்திரிக் கழிவையும் வாங்கி அழிக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி எட்டாத ஊர்களுக்கு மட்டும், அதுவும் அனுமதியோடு. அதிலும் ஒரு நிபந்தனை: குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 6 மீட்டராவது இருக்க வேண்டும். ஐயா, இது டெல்டா. கார்த்திகையில் எங்கள் கொல்லையில் வாழைக்கன்று வைக்கக் குழி எடுத்தாலே தண்ணீர் ஊறி நிற்கும். நீங்கள் புதைத்தது மண்ணுக்குள் இருக்காது, ஊறிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே உங்கள் போர்வெல்.

எரிப்பதும் அப்படித்தான். சுத்திகரிப்பு நிலையத்து உலையில் முதல் அறை 800 டிகிரி, இரண்டாவது அறை 1050 டிகிரி. அந்தச் சூட்டில் புகை 2 விநாடியாவது நின்று வெந்து, 30 மீட்டர் உயரப் புகைபோக்கி வழியே போக வேண்டும் என்று கணக்கு. கொல்லையில் மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்கும் டியூபும் கையுறையும் கருகும், எரியாது. பிவிசி பிளாஸ்டிக் குறைச்சூட்டில் எரிந்தால் டையாக்சின் என்னும் நச்சு வரும். ஊசியோ சாம்பலுக்குள் முழுசாகக் கிடக்கும்.

செலவு என்பீர்கள். பெரும்பாலோர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள், லைசென்ஸ் புதுப்பிக்க அந்தச் சான்று வேண்டுமே. பணம் கட்டியும் பை ஏறவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்? வண்டி சந்துக்குள் வருவதில்லை, வந்தாலும் நீங்கள் கடை திறக்குமுன் வந்துவிட்டுப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். அது நியாயமான குறைதான். ஒரே தெருவில் நாலு கிளினிக், மூன்று லேப் இருக்கிறீர்கள். ஏழு பேரும் சேர்ந்து ஒரு நேரம் குறித்துக் கேட்டால் வண்டி வராதா? தனித்தனியாகக் கேட்டதால்தான் அவர்களும் காது கொடுக்கவில்லை.

குளுக்கோஸ் பாட்டிலையும் சிரிஞ்சையும் காயலான் கடைக்கு எடைக்குப் போடும் பழக்கம் பற்றித் தனியாக எழுத எனக்குத் தெம்பில்லை. நிறுத்திவிடுங்கள், அவ்வளவுதான்.

இப்போது என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரருக்கு இன்சுலின். தினம் இரண்டு ஊசி. முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் நின்றவள், அதை இரண்டு வருஷம் தாளில் சுருட்டிப் பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் போட்டிருக்கிறேன். குப்பை அள்ள வரும் பெண்ணுக்குக் கையுறை இல்லை என்பது தினம் பார்த்ததுதான். எதிர்வீட்டுக்காரி அந்த இலையோடு வந்து நின்ற பிறகுதான் புத்தி வந்தது. இப்போது கெட்டியான ஹார்லிக்ஸ் டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் எங்களைப் பார்க்கும் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். முதல் தடவை முகம் சுளித்தார், பிறகு வாங்கிக்கொண்டார். சர்க்கரை நோயாளிகளுக்குச் சீட்டு எழுதும்போது இதையும் ஒரு வரி சொல்லி, அந்த டப்பாவை உங்கள் கழிவோடு சேர்த்து அனுப்பினால், ஊருக்கு நூறு வீட்டு ஊசியாவது வாய்க்காலுக்கும் குப்பைமேட்டுக்கும் போகாது.

மற்றபடி நான் கேட்பது பெரிதாக எதுவுமில்லை. ஒவ்வொரு கட்டிலுக்கும் கை எட்டும் தூரத்தில் ஒரு வெள்ளை டப்பா, ஊசியை நறுக்கும் ஒரு நீடில் கட்டர். அதை முதலில் நீங்கள் பயன்படுத்துங்கள். டாக்டர் டிரேயில் போட்டால் சிஸ்டரும் டிரேயில்தான் போடுவார். உங்கள் ஆயாம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் பி மூன்று டோஸும் போட்டாயிற்றா என்று நாளைக் காலையிலேயே கேளுங்கள். போடவில்லை என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணை, பிறகு எங்கள் வாய்க்கால். அதற்கு முன் வைகாசிக் கடைசியில் ஜேசிபி வைத்துத் தூர் வாருவார்கள். அள்ளிய சேறு கரையில் காயும்போது அதில் பிதுங்கி நிற்பவற்றைப் பார்த்தால், எது எந்தக் கிளினிக் அட்டை என்றுகூடச் சில சமயம் படிக்கலாம். சேற்றில் செருப்போடு நாற்றுப் பறிக்க முடியாது, பூட்ஸ் போட்டால் புதையும். ஆகவே எங்கள் பெண்கள் இந்த வருஷமும் வெறுங்காலோடுதான் இறங்குவார்கள்.

தூர் வாரும் அன்றைக்கு உங்களில் யாராவது ஒருவர் எங்கள் மதகடிக்கு வாருங்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பிப்பார்கள். காபி என் வீட்டில். எதிர்வீட்டுப் பெண்ணும் இருப்பாள். அந்த ஊசியை மூடி போட்ட பாட்டிலில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர் ஒருத்தி,
கடைமடைக் கிராமம், திருவாரூர் மாவட்டம்.