ஆண்டறிக்கை 2024–25: லெப்டினன்ட் கிரண் ஷெகாவத் பத்தாம் ஆண்டு நினைவும் சங்கப் பணிகளும்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நிர்வாகக் குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முன்னாள் கடற்படையினருக்கான நம் சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான வேலைகள் வழக்கம்போல் நடந்தன. மாதக் கூட்டங்கள் தவறவில்லை. டிசம்பர் 4 கடற்படை நாளன்று கொடியேற்றி, 1971 கராச்சித் தாக்குதலில் பங்கேற்றவர்களை நினைவுகூர்ந்தோம். பாதுகாப்புத் துறை ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் உயிர்ச்சான்று பதிவுசெய்யத் தெரியாமல் தவித்த மூத்தவர்களுக்கும், கணவரை இழந்த சகோதரிகளுக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளே உட்கார்ந்து செய்து கொடுத்தார்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அந்தக் கணக்குக்குள் நான் போகவில்லை, போனால் அவர் விடவும் மாட்டார்.

இந்த ஆண்டு நான் விரிவாகச் சொல்ல விரும்புவது மார்ச் 24ஆம் தேதி நடந்த நினைவுக் கூட்டத்தைப் பற்றி.

கடற்படை விமானப் பிரிவு அதிகாரி லெப்டினன்ட் கிரண் ஷெகாவத் அவர்கள் மறைந்து பத்தாண்டு நிறைவதால் கூட்டம் நடத்தலாம் என்று நிர்வாகக் குழுவில் பேச்சு வந்தபோது, "ராஜஸ்தான் குடும்பத்துப் பெண், கோவாவில் நடந்த விபத்து, நம் ஊருக்கு இதில் என்ன சம்பந்தம்?" என்று ஒருவர் கேட்டார். கேட்கக்கூடாத கேள்வி இல்லை. கோவாவில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். ஹன்சாவில் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் இருந்த நம் மூத்த உறுப்பினர்தான் பதில் சொன்னார்: "நைட் ஃப்ளையிங் அன்னிக்கு கடைசி விமானம் இறங்கின பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடே இறங்கும். மேலே போனவங்க எந்த ஊர்னு யாரும் கேட்டதில்லை." அதோடு விவாதம் முடிந்தது.

கூட்டத்துக்கு வராதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிரண் அவர்களின் தந்தையும் கடற்படையில் பணியாற்றியவர். விசாகப்பட்டினத்தில் படித்தவர் கிரண். 2010இல் எழிமலை கடற்படை அகாடமியில் சேர்ந்தார். கடற்படை அதிகாரி ஒருவரையே மணந்தார். 2015 குடியரசு நாள் அணிவகுப்பில், முழுக்கப் பெண்களைக் கொண்ட கடற்படை அணி முதல்முறையாக நடந்து வந்ததே, அதில் அவரும் ஒருவர். அதன்பின் இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. மார்ச் 24 இரவு, ஹன்சாவிலிருந்து பயிற்சிக்காகக் கிளம்பிய டார்னியர் 228 விமானத்துடன் பத்து மணியளவில் தொடர்பு அறுந்தது. கோவாவுக்குத் தென்மேற்கே சுமார் 25 கடல் மைல் தொலைவில் விமானம் கடலில் விழுந்திருந்தது. 26ஆம் தேதி, கடலடியில் கிடந்த விமானத்தின் உடற்பகுதியில் அவரைக் கண்டெடுத்தார்கள். முப்பது வயதைத் தொடாதவர். பணியின்போது உயிரிழந்த முதல் பெண் கடற்படை அதிகாரி என்று நாடு முழுவதும் செய்தி வந்தது.

அந்த 'முதல் பெண்' என்ற பட்டத்தோடு எல்லோரும் நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம். பட்டம் உண்மைதான். ஆனால் அவர் அந்த விமானத்தில் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் பைலட் என்பார்கள். அவர் அப்சர்வர். ஐ.என்.ஏ.எஸ். 310, 'கோப்ராஸ்' என்று நாம் சொல்லும் கடற்படை விமானப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். 1961இல் பிரான்சில் அலிசே விமானங்களோடு தொடங்கி, 1971 போரில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த அதே படைப்பிரிவு.

அப்சர்வர் வேலையை நம் மூத்த உறுப்பினர் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். பைலட் விமானத்தை ஓட்டுகிறார். எங்கே போக வேண்டும், கீழே ரேடாரில் தெரியும் புள்ளி வணிகக் கப்பலா, மீன்பிடிப் படகா, வேறு ஏதாவதா, அடுத்து என்ன செய்வது என்பதெல்லாம் அப்சர்வர் பொறுப்பு. ஜன்னலுக்கு வெளியே இருட்டு, முன்னால் திரை, காதில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று குரல்கள். அப்படி மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க வேண்டும். கொச்சி ஐ.என்.எஸ். கருடாவில் இருக்கும் அப்சர்வர் பள்ளியில் இதற்கென்று தனிப் பயிற்சி உண்டு. பெண்கள் இந்த வேலைக்கு வந்ததே 2009இல்தான், அதுவும் முதலில் இரண்டே பேர். அதாவது கிரண் அவர்கள் சேர்ந்தபோது அந்தப் பாதையில் முன்னால் நடந்தவர்கள் மிகச் சிலர்.

அப்புறம் அந்த மூத்த உறுப்பினர் லைஃப் ஜாக்கெட்டை எடுத்தார். பிள்ளைகள் நாற்காலியை விட்டு முன்னால் வந்துவிட்டார்கள். விமானத்தில் அதை ஊதாமல் மடித்தபடி கழுத்தில் மாட்டியிருப்பார்கள். கயிற்றை இழுத்ததும் கார்பன் டை ஆக்சைடு குப்பி துளைபட்டு, 'புஸ்ஸ்' என்ற சத்தத்தோடு ஒரே நொடியில் உப்பியது. முன்வரிசையில் இருந்த குழந்தை அழுதேவிட்டது. பிறகு கேட்டார்: "விமானத்துக்குள்ள தண்ணி ஏறும்போது இதை இழுத்தா என்ன ஆகும்?" காப்பாற்றும் என்றார்கள் பிள்ளைகள். கூரையோடு தூக்கி ஒட்டிவிடும், கதவு கீழே இருக்கும், முங்கிப் போய் வெளியேற முடியாது. அதனால் வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும் என்றார். டார்னியரின் இறக்கை உடலுக்கு மேலே இருப்பது. கடலில் இறங்கினால் இறக்கைதான் மிதக்கும், ஆட்கள் இருக்கும் பகுதி தண்ணீருக்குள் போய்விடும். விமானத்தில் பறப்பவர்களைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கைதடவியே கதவைக் கண்டுபிடிக்க ஏன் பழக்குகிறார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

விபத்து ஏன் நடந்தது என்று கேள்வி நேரத்தில் இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சு வேண்டாம் என்று தலைவர் நிறுத்தியது சரியான செயல். விசாரிக்க வேண்டியவர்கள் விசாரித்தாயிற்று. டீக்கடை யூகம் குடும்பத்தார் காதுக்குப் போனால் வலிக்கும்.

அந்த விமானத்தில் மூன்று பேர் இருந்தார்கள் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். லெப்டினன்ட் அபினவ் நாகோரி அவர்களும் உயிரிழந்தார். படத்துக்கு மாலை போடும்போது கிரண் அவர்களின் படத்தோடு அவர் படத்தையும் வைத்தோம். கமாண்டர் நிகில் ஜோஷி அவர்கள் மட்டும் தப்பினார். அந்த இரவில் அவரைக் கடலிலிருந்து தூக்கியது ஒரு மீன்பிடிப் படகு.

இதற்காகவே நம் கடற்கரை மீனவ நண்பர்களையும் அழைத்திருந்தோம். அவர்களில் ஒரு பெரியவர் பேசினார். இரவுக் கடலில் ஆளைக் கண்ணால் பார்ப்பது அபூர்வம், இன்ஜினை நிறுத்திக் காது கொடுத்தால்தான் உண்டு என்றார். ஜாக்கெட்டில் தொங்கிய விசிலை வாங்கி ஊதிப் பார்த்துவிட்டு, "இது காத்துக்கு எதிர்ப்பக்கம் கேக்காது தம்பி, டார்ச்சும் சேத்து ஆட்டணும்" என்றார். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். அன்றைய கூட்டத்தில் பேசியவர்களில் என் மனத்தில் அதிகம் நின்றவர் அவர்தான்.

2020 நவம்பர் 26 அன்று கோவா அருகே மிக்-29கே பயிற்சி விமானம் கடலில் விழுந்ததில் உயிரிழந்த கமாண்டர் நிஷாந்த் சிங் அவர்களுக்கும் அஞ்சலி செலுத்தினோம். இவர்கள் யாரும் போரில் இறந்தவர்கள் இல்லை. போரில்லாத காலத்தில், பயிற்சிப் பறப்பில் போனவர்கள். போர் நினைவு நாள்களில் இவர்கள் பெயர் வருவதில்லை, அதனால் மார்ச் 24ஐ ஆண்டுதோறும் நடத்தலாம் என்பது என் யோசனை.

கூட்டத்துக்குப் பின் நடந்த ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2025 ஜூலையில் சப் லெப்டினன்ட் ஆஸ்தா பூனியா, கடற்படையின் போர் விமானப் பிரிவுக்குத் தேர்வான முதல் பெண்ணானார். பிள்ளைகளின் வாட்ஸாப் குழுவில் அதை முதலில் போட்டது, மார்ச் மாதம் அந்த ஜாக்கெட்டைக் கழற்றித் தர மறுத்து மாட்டிக்கொண்டே திரிந்த மாணவிதான்.

வரும் ஆண்டுக்கு நிர்வாகக் குழு முன்வைக்கும் தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, பயிற்சிப் பறப்பில் உயிர்நீத்த கடற்படை விமானப் பிரிவினருக்கான நினைவு நாளாக மார்ச் 24ஐ ஏற்பது. மற்றொன்று, அன்றைய தினம் மீனவ நண்பர்களோடு சேர்ந்து கடல் மீட்புச் செயல்விளக்கம் நடத்துவது. செயல்விளக்கத்துக்குப் புதிய வாயுக் குப்பிகள் வாங்க வேண்டும். செலவுக்கு ஒப்புதல் தரும்படி பொருளாளரை இப்போதே எல்லோர் முன்னிலையிலும் கேட்டு வைக்கிறேன்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழு ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்